வயர் இல்லாத டிரில்லும் உன் அம்மாவின் வாசல் கதவும்

பிரபு,

நீ அனுப்பிய செய்தி போனில் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்துப் படித்தேன். இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். சிறுசேரி ஃப்ளாட்டில் திரைச்சீலைக் கம்பி, அலமாரி, கண்ணாடி எல்லாம் மாட்ட வேண்டும், குறைந்த விலையில் வயர் இல்லாத டிரில் எது வாங்கலாம், நீங்கள்தான் சமீபத்தில் வாங்கினீர்களே அப்பா என்பது முதலாவது. அதற்குக் கீழே ஒரு வரி இடைவெளி விட்டு, கேளம்பாக்கத்துக்கு முன்னால் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் அம்மாவுக்காக நீ சொல்லிவைத்த இடத்தை மாதக் கடைசி வரைதான் வைத்திருப்பார்களாம், யோசித்தீர்களா என்று கேட்டிருந்தாய். அந்த இடைவெளியை விடுவதற்கு உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். டிரில்லில் இருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கருவியைப் பற்றி யோசிக்குமுன் சுவரைப் பற்றி யோசி. சேலையூரில் நீ வளர்ந்த இந்த வீடு செங்கல் சுவர். சிமெண்ட் பூச்சைத் தாண்டிவிட்டால் செங்கல் விட்டுக்கொடுக்கும், சிவப்புத் தூள் கொட்டும், வேலை முடிந்துவிடும். உன் ஃப்ளாட் அப்படி அல்ல. அலுமினியப் பலகை அடைத்து கான்கிரீட்டை ஊற்றி எழுப்பிய சுவர் அது. நீ சாவி வாங்கிய அன்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கல்லைத் தட்டியது போல இருந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் விலை குறைந்த டிரில் அந்தச் சுவரில் கத்தும், சூடேறும், ஒரு நகக்கண் ஆழத்துக்கு மேல் போகாது. அழுத்தி அழுத்தி மோட்டாரைக் கெடுத்துக்கொள்ளாதே. சுவரில் போட வேண்டிய துளைகளை எல்லாம் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, வயர் உள்ள பெரிய ஹாமர் மிஷினை ஒருநாள் வாடகைக்கு எடுத்து முடித்துவிடு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதே. உள்ளே வயர் ஓடும். அலமாரி, கட்டில், கதவுக் கொண்டி, கீல் போன்ற மர வேலைகளுக்குத்தான் பேட்டரி டிரில். வருஷக் கணக்கில் கையில் இருக்கப்போவதும் அதுதான்.

நான் எதற்கு இதெல்லாம் கற்றுக்கொண்டேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. நீ புனேயில் இருந்தவரை, அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அது வீட்டுக்குள் எப்படி நடமாடுகிறது என்பதைச் சொல்லவில்லை. போனை அவளிடம் கொடுப்பேன், "சாப்ட்டியா கண்ணு?" என்பாள், உனக்கும் அது போதுமானதாக இருந்தது. கோடை விடுமுறை முடிந்து, நம் தெருவில் பிள்ளைகள் மறுபடி பையோடு போகத் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கினேன். கதவு திறந்திருந்தது. அவளுடைய கைப்பையும் செருப்பும் இல்லை. கேம்ப் ரோடு பஸ் நிறுத்தம் வரை ஓடினேன், ராஜகீழ்ப்பாக்கம் வரை ஆட்டோவில் போய்ப் பார்த்தேன். மதியம் பம்மலில் இருந்து போன் வந்தது. அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளியின் வாட்ச்மேன் பேசினார். கேம்ப் ரோட்டில் பஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, நெரிசலில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் பம்மல் பஸ் பிடித்துச் சரியாகப் போய் இறங்கியிருக்கிறாள். தன் பெயரைக் கேட்டால் தடுமாறுகிறவளின் கால்களுக்கு வழி மறக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேனின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "உள்ள விட மாட்டேங்கறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

மறுநாளே ஆசாரி ஒருவரை வரச் சொன்னேன். வாசல் கதவின் மேலே, அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், குளியலறையில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி. அவ்வளவுதான் வேலை. அவள் முதலில் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள், டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள், திரும்பி வந்தபோது அவரை அவளுக்குத் தெரியவில்லை. நம் வீட்டுக் கதவின் முன்னால் கையில் உளியோடு ஒரு ஆள் நிற்கிறான், அவ்வளவுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு, "தப்பா நினைக்காத சார். இந்த வூட்ல வேலை செஞ்சா நாளைக்கு என் மேல திருட்டு கேஸு வந்துரும். வேற ஆளப் பாரு" என்று போய்விட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. அன்று முடிவு செய்தேன், வெளியாள் வேண்டாம், நானே செய்துகொள்ளலாம் என்று.

பக்கத்து வீட்டில் வயர் உள்ள டிரில் ஒன்று இருந்தது. இரவல் வாங்கி வந்தேன். குளியலறைச் சுவரில் வைத்து அழுத்தினேன், பாதித் துளையில் நின்றுபோனது. மிஷின் கெட்டுவிட்டதோ என்று பயந்து வெளியே வந்தால், உன் அம்மா பிளக்கைப் பிடுங்கி வயரை அழகாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆளில்லாத அறையில் ஒரு விளக்கு எரியவிடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் மட்டும் நோயோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. நாள் முழுக்க வீட்டைச் சுற்றி வந்து ஸ்விட்சுகளை அணைக்கிறாள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், எதுவும் தப்புவதில்லை. "யாரு வூட்டு காசு? நீங்களா கட்டுவீங்க கரண்ட் பில்லு?" என்று என்னைக் கேட்டாள். நான்தான் கட்டுகிறேன் என்றேன். "அப்ப உங்களுக்குத்தான் அக்கறை வேணும்" என்றாள். அந்தப் பதிலில் முழுதாகப் பழைய ஆள் இருந்தாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மறுபடி செருகினேன், மறுபடி பிடுங்கினாள். வயர் இல்லாத டிரில்லைத் தேடிப் போனது இதனால்தான். வேறு எந்த வசதியையும் நினைத்து அல்ல.

முதலில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். எதிர்வீட்டு அம்மா அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்வதாகச் சொன்னதால் போக முடிந்தது. தார்ப்பாய் விரித்து, பழைய டிரில்களைக் கருவாடு போல வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் ஒருவர். ஒன்றை எடுத்து, ஓடுமா என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? மோட்டார் கன்னுக்குட்டி மாதிரி கீது."

"ஓட்டிக் காட்டுங்க."

"பேட்டரி அவுட்டு சார். நீ வாங்கினு போய் புதுசு போட்டுக்க."

"சார்ஜர்?"

"அதுவும் வாங்கிக்க."

"இதுக்கேத்த பேட்டரி இப்பவும் கிடைக்குதா?"

"இன்னா சார், டிரில்லு வாங்க வந்தியா, என்ன விசாரிக்க வந்தியா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவன்கூட இவ்ளோ கேக்க மாட்டான்" என்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் ஆடிட் வேலையில் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன், அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் உனக்கு உதவும். பேட்டரி டிரில் என்பது பாதிக்கு மேல் பேட்டரிதான். பேட்டரி செத்த மிஷின் மலிவாகத் தெரியும், புதுப் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் புது மிஷினின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பழையது வாங்காதே.

அடுத்ததாக போனில் தேடி, நல்ல தள்ளுபடியில் ஒன்றைப் பார்த்து ஆர்டர் செய்தேன். வந்த பெட்டியைத் திறந்தால் மிஷின் மட்டும் இருந்தது. பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை. அப்படியும் விற்பார்களாம். ஏற்கெனவே அதே கம்பெனியின் பேட்டரி வைத்திருப்பவர்களுக்காக உடலை மட்டும் தனியாக விற்பார்களாம். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். வாழ்க்கை முழுவதும் அடுத்தவர்களின் சின்ன எழுத்தைப் படித்தவன் என்னுடையதைப் படிக்கவில்லை. திருப்பி அனுப்பினேன். நீ வாங்கும்போது பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்பதைக் கடைசி வரை படி. முதலில் எந்தக் கம்பெனி பேட்டரிக்குள் நுழைகிறாயோ, பிறகு வாங்கும் ரம்பம், தூசி ஊதும் மிஷின் எல்லாம் அதே கம்பெனியில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஒருவரின் பேட்டரி இன்னொருவரின் கருவியில் உட்காராது. அதனால் மிஷினின் அழகைவிட, பழுது பார்க்கும் இடம் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்.

கடைசியில் வேளச்சேரி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கினேன். பதினெட்டு வோல்ட் என்று சில பெட்டியிலும் இருபது வோல்ட் என்று சில பெட்டியிலும் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். முழுதாக சார்ஜ் ஏறிய கணத்தில் இருபது காட்டும், வேலை செய்யும்போது பதினெட்டில் நிற்கும். இருபது என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதே. பன்னிரண்டு வோல்ட் எடை குறைவு, மர வேலைக்குப் போதும். செங்கலிலும் துளை வேண்டும் என்றால் பதினெட்டும், சுத்தியல் படம் போட்ட, இடித்து இடித்துத் துளைக்கும் நிலையும் உள்ளதாக வாங்கு. பெரிய பேட்டரி ஒன்றைவிடச் சின்னது இரண்டு நல்லது. ஒன்று வேலை செய்யும்போது மற்றது ஏறும். எனக்கு இது வசதிக்காக அல்ல. சார்ஜர் ஸ்விட்சையும் அவள் அணைத்துவிடுவாள். பச்சை விளக்கு எரியும் என்று நம்பிப் போய் எடுத்தால் பேட்டரி அப்படியே காலியாக இருக்கும். மதியம் அவள் கண்ணயரும் நேரத்தில்தான் சார்ஜ் போடுவேன். அதனால் வேகமாக ஏறும் சார்ஜராகக் கேட்டு வாங்கினேன். முனையில் மாட்டித் துளை போடும் பிட்டுகள் நூறு உள்ள பெட்டி இலவசம் என்று கடைக்காரர் காட்டினார். அந்தப் பிட்டுகள் இரண்டாவது துளையிலேயே மழுங்கும். சுவருக்கு இரண்டு, மரத்துக்கு மூன்று, நல்லதாகத் தனியாக வாங்கு. மலிவான மிஷினில் நல்ல பிட்டைப் போட்டால் வேலை நடக்கும்.

குளியலறைக் கம்பிகளைச் சாதாரணமாகவே மாட்டிவிட்டேன். டைல்ஸ் மேல் காகித ஒட்டுப்பட்டையைக் குறுக்காக ஒட்டி அதன் மேல் துளை போட்டால் பிட் வழுக்காது. டைல்ஸைத் தாண்டும் வரை சுத்தியல் நிலை போடாதே, விரிசல் விடும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, ஸ்க்ரூ முறுக்கும்போது அதைச் சின்ன எண்ணில் வைத்து ஆரம்பி. ஸ்க்ரூ இறுகியதும் மிஷின் தானாக விட்டுக்கொடுத்து டக்டக்கென்று சத்தம் போடும். போதும் என்று அது சொல்கிறது. நான் முதல் கம்பியில் அதைக் கேட்காமல் முறுக்கி ஸ்க்ரூவின் தலையைத் திருகிவிட்டேன். இன்று அவள் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கிறாள். "இது நல்லா இருக்கே, எப்ப போட்டீங்க?" என்று தினமும் கேட்கிறாள். தினமும் புதிதாகப் பாராட்டு வாங்குகிறேன்.

பிறகு தாழ்ப்பாள் வேலை. அன்று அவள் தெளிவாக இருந்தாள். குளித்து, தலை வாரி, இட்லி சாப்பிட்டு, நான் ஸ்டூலில் ஏறியதைப் பார்த்து அருகில் வந்து நின்றாள். மரத்தூள் தரையில் விழாமல் பழைய செய்தித்தாளை மடித்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"கதவுக்கு மேல ஒரு தாழ்ப்பாள்."

"கீழதான் ஒண்ணு இருக்கே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "உனக்காகத்தான்" என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "இங்க ஒரு அம்மா இருக்காங்க. ஞாபகம் இல்லாம வெளிய போயிடறாங்க. அதுக்குத்தான்" என்றேன்.

உச்சுக்கொட்டினாள். "ஐயோ பாவம். ரொம்ப வயசானவங்களா?"

"நம்ம வயசுதான்."

"பசங்க யாரும் இல்லையா?"

"ஒரு பையன். நல்ல பையன். தூரத்துல இருக்கான்."

"அப்ப நாமதான் பாத்துக்கணும்" என்றாள். நான் கதவில் போட்டிருந்த பென்சில் குறியை அண்ணாந்து பார்த்தாள். "இது பத்தாதுங்க. என் உயரம் இருந்தாங்கன்னா எட்டிடுவாங்க. நீங்க இறங்குங்க, இருங்க." செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கதவோடு ஒட்டி நின்றாள். குதிகாலைத் தூக்கி, கையை முழுதாக நீட்டி, நடுவிரலால் கதவைத் தொட்டுக் காட்டினாள். "இது வரைக்கும் எட்டும். இதுக்கு மேல ஒரு ஜாண் தள்ளிப் போடுங்க."

என் குறியை அழித்துவிட்டு அவள் சொன்ன இடத்தில் குறித்தேன். மரத்தில் ஸ்க்ரூவை நேராக ஏற்றினால் பிளக்கும், முதலில் மெல்லிய பிட்டால் வழித்துளை போட வேண்டும். போட்டேன். அவள் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கதவு வேலை முடிந்ததும் மறுபடி குதிகாலில் நின்று கை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. திருப்தியோடு தலையாட்டி, "இனிமே போக மாட்டாங்க" என்றாள்.

உள்ளே போனாள். முகம் கழுவும் சத்தம் கேட்டது. பொட்டு வைத்துக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். "நான் கிளம்பறேங்க. கதவத் தொறங்க. ஃபர்ஸ்ட் பீரியட் எனக்கு."

"இன்னைக்கு லீவு" என்றேன்.

"லீவுன்னா எதுக்குப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

கணக்கு டீச்சர். அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள், கையில் டிரில்லோடு நிற்கும் என்னைப் பார்த்தாள், பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். குரல் மாறிவிட்டது. "சார், நான் உங்கள ஒண்ணும் பண்ணலையே சார். என்ன விட்டுடுங்க. என் பையன் ஸ்கூல்ல இருந்து வந்துடுவான்" என்றாள்.

அந்தத் தாழ்ப்பாளும் நிலைக்கவில்லை. ஒரு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசை நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. துண்டோடு ஓடி வந்தேன். நாற்காலியின் மேல் ஏறி நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, மறு கையால் தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டிருந்தாள். நாற்காலியின் ஒரு கால் மிதியடியின் ஓரத்தில் ஏறி ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்து இறக்கினேன். விழுந்திருந்தால் இடுப்பெலும்பு, ஆஸ்பத்திரி, அதற்குமேல் எழுத வேண்டாம். அன்றே டிரில்லைப் பின்பக்கம் சுழலும்படி மாற்றி எல்லா ஸ்க்ரூவையும் கழற்றினேன். போடுவதைவிடக் கழற்றுவது சீக்கிரம் முடிந்தது.

அதன்பின் பூட்டவில்லை. காலையில் அவள் கிளம்பினால் நானும் கூடவே கிளம்புவேன். கேம்ப் ரோடு வரை நடப்போம், பஸ் வரவில்லை என்பேன், சில நாள் ஒப்புக்கொண்டு திரும்பிவிடுவாள். சில நாள் தாம்பரம் வரை பஸ்ஸில் போய்த்தான் திரும்ப முடியும். என் முழங்கால் தாங்கவில்லை என்றாலும் இதை எத்தனை காலமும் செய்வேன் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில், பஸ்களுக்கு நடுவில் இறங்கிவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "யாரோ என் கையப் புடிச்சு இழுக்கறான்!" என்று கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "இன்னா பெர்சு, இந்த வயசுல பொம்பள கையப் புடிச்சு இழுக்கற?"

"என் மனைவிங்க" என்றேன்.

"அவங்களே யார்னு தெர்லன்றாங்க, நீ பொஞ்சாதின்ற?"

போனை எடுத்து உன் கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். நாம் நாலு பேரும் மேடையில் நிற்கிறோமே, அது. அவர் பார்த்தார், அவளிடம் காட்டினார். "இது யாரும்மா?"

அவள் முகம் மலர்ந்தது. உன் முகத்தின் மேல் விரலை வைத்தாள். "என் பையன். பிரபு."

"பக்கத்துல நிக்கறது?"

"மருமக."

"இந்த சார்?"

குனிந்து, கண்ணைச் சுருக்கி, அக்கறையோடு பார்த்தாள். என்னையும் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியலையேப்பா. கல்யாணத்துக்கு வந்தவங்களா இருக்கும்" என்றாள். ஆட்டோ டிரைவர் என் சட்டையை விட்டுவிட்டார். கசங்கிய இடத்தைக் கையால் தடவி நேராக்கினார். "சாரி சார். ஏறுங்க, வூட்ல வுட்டுட்றேன்" என்று அழைத்து வந்தார்.

நேற்று முன்தினம் அந்த இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அவர்களிடமும் சொல்லவில்லை. எந்த இடத்தையும் சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். சாப்பாட்டு நேரத்தில் போனேன். சோறு சூடாக இருந்தது. கழிப்பறை நாறவில்லை. அறைக் கதவுகளில் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. பெரிய மதில், உள்ளே சுற்றி நடக்கச் சிமெண்ட் பாதை. பாங்கில் வேலை பார்த்த ஒரு அம்மா அங்கே தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புவாராம். கூடவே போகும் பெண்ணிடம் பேசினேன். "கேட் தாண்டி அந்த மரம் வரைக்கும் போவோம் சார். இன்னைக்கு பாங்க் லீவும்மான்னு சொன்னா சிரிச்சுகினே திரும்பிடுவாங்க" என்றாள். கோபப்படமாட்டார்களா என்று கேட்டேன். "என் மேல எதுக்கு சார் கோவம்? அவங்களுக்கு நான் யாரோ. வூட்டுக்காரர் வந்தாதான் கத்துவாங்க. ஏன் என்னப் பூட்டி வெச்சீங்கன்னு." எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்குப் பதில், சரி. சேர்த்துவிடலாம். நீ என்னை வற்புறுத்தினாய் என்று ஒருநாளும் நினைத்துக்கொள்ளாதே. முதல் கேள்விக்கும் பதில் மாறிவிட்டது. டிரில் வாங்காதே. என்னுடையதை எடுத்துக்கொள். இரண்டு பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றை முழுதாகக் காலியாகும் வரை ஓட்டாதே, பால்கனி வெயிலில் வைக்காதே. இந்த வீட்டில் இனி எனக்குத் துளை போட எதுவும் இல்லை. பகலில் தாராளமாக சார்ஜ் போடலாம் என்றாலும்.

நீயும் திவ்யாவும் காரோடு வந்து அழைத்துப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். காரில் ஏற்றினால் எங்கே என்று கேட்பாள், நீங்கள் இரண்டு பேரும் அழுவீர்கள், அவள் பயந்துவிடுவாள். நானே காலையில் பஸ்ஸில் கூட்டி வருகிறேன். தாம்பரத்தில் இருந்து கேளம்பாக்கம் பஸ். புது ஸ்கூலுக்கு மாற்றல் என்று சொல்லிவிடுகிறேன். ஜன்னல் சீட்டு கிடைத்தால் சந்தோஷமாக வருவாள். பம்மல் பள்ளிக்கு நான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவிட்ட காலத்தில், கேட்டுக்கு உள்ளே கால் வைத்தபின் அவள் திரும்பிப் பார்த்ததே கிடையாது. பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கம். அன்றைக்கும் திரும்பமாட்டாள் என்று நம்புகிறேன். திரும்பினால் என்னால் முடியாது, கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

நீ உள்ளே வராதே. உன்னை அவளுக்குத் தெரியும், விடமாட்டாள். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது, அதில் நில். நான் மட்டும் தனியாக வெளியே வருவேன். அங்கிருந்து தாம்பரத்துக்குப் பஸ் எத்தனையோ இருக்கிறது, எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழி எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் நீ வந்து நில் பிரபு. அந்தக் கேட்டில் இருந்து வெளியே வரும்போது, என்னை யாரென்று தெரிந்த ஒருவர் எதிரே நிற்க வேண்டும்.

அப்பா